குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும்

'டிசம்பர் 6, சனிக்கிழமை. வானம் தெளிவு. இரவு பெய்த பனி அப்படியே கிடக்கிறது. சிறு தவறு ஒன்று: இன்று குடிதண்ணீரைக் கழிவுத் தொட்டியில் நிரப்பிவிட்டேன்.'

இதை எழுதிவிட்டு, 'சிறு' என்ற சொல்லை அடிக்கலாமா என்று கெல்டா யோசித்தாள். தவறு நடந்தால் படகுப் பதிவேட்டில் அதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை மாலைப் படகோட்டும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு பெரிய தவறென்று அளந்து எழுத வேண்டுமா என்பதைச் சொல்லவில்லை. அடிக்காமல் விட்டாள்.

நடந்தது இதுதான். நவம்பர் பாதியில் கேனட் கோவ் படகுத்துறையில் மிதவை மேடைக் குழாய்களை எல்லாம் அடைத்துவிடுவார்கள். இல்லையென்றால் உறைந்து வெடித்துவிடும். அதன் பிறகு குளிர்காலம் முழுக்கப் படகிலேயே குடியிருப்பவர்களுக்குச் சனிக்கிழமை காலை மட்டும்தான் தண்ணீர். கரையில் ஒரே ஒரு குழாய். ஆளுக்கொரு நீளம் ரப்பர் குழாய் கொண்டுவந்து, ஒன்றோடொன்று மாட்டி, மேடை முழுக்க இழுத்து, வரிசையாக ஒவ்வொரு படகையும் நிரப்புவார்கள். புதிதாக வந்தவருக்குக் கடைசி முறை. குழாயிலிருக்கும் மிச்சத் தண்ணீரை வடித்துச் சுருட்டி வைக்கும் வேலையும் அவருக்கே.

இந்த வருஷம் புதிதாக வந்தவள் கெல்டா.

அவள் படகின் தளத்தில் இரண்டு மூடிகள் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுக்கொன்று அக்கா தங்கை போல. ஒன்று குடிதண்ணீருக்கு. இன்னொன்று வியாழக்கிழமைதான் லாரிக்காரர் வந்து உறிஞ்சிக் காலி செய்துவிட்டுப் போன கழிப்பறைத் தொட்டிக்கு. மூடிமேல் எழுத்து இருக்கிறது. எழுத்துமேல் பனி இருந்தது.

குழாயை வடித்து, சுருட்டி, கரைக்குழாயை அடைத்து, எல்லாரும் அவரவர் படகுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு, கெல்டா டீ போடக் குழாயைத் திறந்தாள். அது இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இன்று மத்தியானம் அம்மா வருகிறாள்.

*

படகின் பெயர் 'சிரிக்கும் வெர்னா'. அப்பா வைத்தது. அம்மாவின் பெயர் வெர்னா. அசல் சிரிக்க மறுத்ததால்தான் அவர் படகுக்கு அந்தப் பெயரை வைத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. படகுப் பத்திரம் அம்மா பெயரில் இருக்கிறது.

வீட்டில் சண்டை எப்போதும் ஒரே விஷயத்துக்குத்தான். கெல்டா குளிக்கப் போனால் அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து குளியலறைக் கதவைத் தட்டுவாள்.

"அடியே, உள்ள இருக்கிறது பொண்ணா, பசு மாடா? கிணத்தைக் குடிச்சே தீர்த்துருவ போலிருக்கே!"

"தலைக்கு ஊத்துறேம்மா!"

"தலை ஒண்ணுதானே இருக்கு உனக்கு!"

ஆகஸ்டில் ஒருநாள் கரண்டி வளைந்துவிட்டது. "அந்தப் படகுல போய் ஒரு மாசம் இருந்து பாரு, தண்ணியோட அருமை தெரியும்" என்றாள் அம்மா. "போறேன்" என்றாள் மகள். போயே விட்டாள். ஒரு மாதம் நான்கு மாதமாகிவிட்டது. துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொள்ளவும், ஒரு டம்ளரில் பல் தேய்க்கவும், பாத்திரம் கழுவிய தண்ணீரில் தரை துடைக்கவும் பழகிவிட்டாள். திரும்பி வரச் சொல்லி அம்மா அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் போயிருக்க மாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஃபோனில் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"லூனன்பர்க்ல ஒருத்தர் படகைக் கேட்டுக்கிட்டிருக்கார். விக்கலாம்னு இருக்கேன்."

"இது அப்பா படகும்மா. என் வீடு."

"வீடுன்னா வீடு மாதிரி இருக்கணும். சனிக்கிழமை வந்து ஒரு ராத்திரி தங்குறேன். குழாயைத் திறந்தா தண்ணி வரணும். வந்தா பத்திரத்தை உன் பேருக்கு மாத்திடுறேன். வரலேன்னா நீ பொட்டியைக் கட்டு."

"வரும். எப்ப திறந்தாலும் வரும்" என்று கெல்டா சொன்னாள்.

இப்போது குழாயைப் பார்த்தாள். ஒரு சொட்டு விளிம்பில் தொங்கியது. விழலாமா வேண்டாமா என்று அதுவும் யோசித்துக்கொண்டிருந்தது.

*

சுலபமான வழி, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் குழாயை மறுபடி இழுக்கச் சொல்வது. அதை அவள் செய்ய மாட்டாள். பக்கத்துப் படகுக்காரர் ஆறு வருஷத்துக்கு முன்பு தவறிப்போய்க் குடிதண்ணீர்த் தொட்டியில் டீசல் ஊற்றினார். அன்றிலிருந்து அவர் பெயர் டீசல். அவருக்கு வரும் கிறிஸ்துமஸ் வாழ்த்திலும் டீசல் என்றுதான் எழுதியிருக்கும். இயற்பெயர் லெம்யூல் என்பது அவருக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும்.

கழிவுத் தொட்டி நிறைய நல்ல தண்ணீர் இருக்கிறதே என்று கெல்டா ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது. கழுவத் தண்ணீர் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கழிவுத் தொட்டி வாய்வரை நிரம்பியிருப்பதால் கழிப்பறையையும் உபயோகிக்க முடியாது. அதன் மூடியைக் கயிறு போட்டுக் கட்டினாள். கடலோடிகள் போடும் முடிச்சு, வகுப்பில் கற்றது.

பிறகு இரண்டு பெரிய கேன்களைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். துறை அலுவலகக் கழிப்பறையில் குளிர்காலத்திலும் தண்ணீர் வரும், நூல் மாதிரி. கதவுக்கு எண் பூட்டு. படகுக்காரர்களுக்கு மட்டும்தான் எண் தெரியும். ஒரு கேன் நிறைவதற்குள் சுவரிலிருந்த விளம்பரங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டாள்.

திரும்பும்போது கடல் மட்டம் இறங்கியிருந்தது. மேடை கடலோடு இறங்கும். கரையிலிருந்து மேடைக்குப் போகும் பாலம் அதோடு சாயும். கடல் இறங்கிய நேரத்தில் அது பாலமில்லை, சறுக்கு மரம். அதன்மேல் பனி வேறு.

கெல்டா பலகையை முன்னால் விட்டு, கயிற்றைப் பின்னால் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கினாள். மெதுவாக இறங்குவதில் பலகைக்கு விருப்பமில்லை. கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாலத்தில் ஓடி, மேடையில் பாய்ந்து, டீசல் வெளியே வைத்திருந்த நண்டுக்கூட்டில் மோதி நின்றது. ஒரு கேன் பலகையிலேயே இருந்தது. இன்னொன்று நிற்கவில்லை. கடலில் 'தொம்' என்று விழுந்து, ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அலையோடு கிளம்பிப் போனது.

டீசல் தலையை நீட்டினார். "என்ன தங்கச்சி, கடலுக்குத் தண்ணி ஊத்துறியா?"

"உடற்பயிற்சிண்ணே."

"காலையிலதானே தொட்டி ரொப்புனோம்?"

"அதான், ரொம்பித்தான் இருக்கு!" என்றாள் கெல்டா. பொய் இல்லை. ஏதோ ஒரு தொட்டி நிரம்பித்தான் இருந்தது.

ஒரு கேன் தண்ணீரைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும், பம்புக்கு எட்டாது. எனவே இருக்கைக்கடியில் படுத்து, பம்பின் வாயைத் தொட்டியிலிருந்து கழற்றி நேரே கேனுக்குள் செருகினாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. அவசரத்தில் அவள் முழங்கை இடித்துப் பம்பின் மறுபக்க இணைப்பு தளர்ந்ததை அவள் பார்க்கவில்லை.

*

அம்மா ஒரு ராத்திரிக்கு வந்திருந்தாள். கையில் இருந்த பை ஒரு பருவம் முழுக்கத் தங்குவதற்குரியது. காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. மறுகையில் துணி சுற்றிய பீன்ஸ் பானை.

"கால் வை. பார்த்து" என்றாள் கெல்டா.

"உங்கப்பா காலத்துலேர்ந்து ஏறிக்கிட்டிருக்கேன், நீ எனக்குச் சொல்றியா?" அம்மா உள்ளே இறங்கி, உட்காராமல், தொப்பியைக் கழற்றாமல், சுற்றிப் பார்த்தாள். பையைத் திறந்து மேலாக இருந்ததை எடுத்து வைத்தாள். மூன்று துண்டுகள். பெரிய ஷாம்பு பாட்டில்.

"ஒரு ராத்திரிக்கு மூணு துண்டா?"

"ஏன், உன் படகுல துண்டுக்கும் ரேஷனா?" அம்மாவின் பார்வை குழாயில் போய் நின்றது. "தொட்டி எவ்வளவு பிடிக்கும்?"

"வேண்டிய அளவு."

"வாரத்துக்கு வருமா?"

"வழியும்."

"ம்" என்றாள் அம்மா. அந்த 'ம்' கெல்டாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கணக்கில் பிழை இருப்பதாகச் சந்தேகிக்கிற 'ம்'.

அம்மாவுக்கு டீ வேண்டியிருந்தது. சமையல் மேடையில் குழாயோடு ஒரு கால்பம்பும் உண்டு. அதை மிதித்தால் பாத்திரம் அலசக் கடல்தண்ணீர் வரும். அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த கெல்டா, கேன் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் நான்கு மாதப் பழக்கத்தில், கெட்டிலை நீட்டிக் காலால் மிதித்தாள்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். முகம் மாறவில்லை. இன்னொரு வாய் குடித்தாள்.

"டீயில உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

கெல்டா தன் கோப்பையை வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "குளிர்காலத்துல உடம்புக்கு நல்லதும்மா. இங்க எல்லாரும் இப்படித்தான்."

"கடலோரத்துலதான் நானும் பொறந்தேன். எனக்கு யாரும் சொல்லலியே." அம்மா கோப்பையைக் காலி செய்தாள். கொட்டியிருக்கலாம், திட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கெல்டாவுக்குப் பயமாக இருந்தது.

பிறகு கழிப்பறைக் கதவு திறந்தது.

"கெல்டா. இதை ஏன் கைதி மாதிரி கட்டி வச்சிருக்க?"

"பராமரிப்பு."

"பீன்ஸ் கொண்டுவந்திருக்கேன், இப்பப் போய்ப் பராமரிப்பா?"

"கரையில நல்லா இருக்கும்மா. சூடா, சுத்தமா..." பூட்டின் எண்ணைச் சொல்வதற்குள் அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு மேலேறிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தாள். யாரோ கதவைத் திறந்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது என்று கெல்டா நினைத்துக்கொண்டாள்.

*

சாப்பாடு ஆனது. சனிக்கிழமைக்கே உரிய பீன்ஸும் கருவெல்ல ரொட்டியும் தட்டில் கோந்து மாதிரி ஒட்டும். கெல்டா எழுவதற்குள் அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டாள். குழாயைத் திறக்கவில்லை. கெட்டிலில் மிச்சமிருந்ததில் ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்து, ரொட்டி ஓரத்தால் தட்டை வழித்து, துணியை நனைத்துத் துடைத்து, அதே தண்ணீரில் கரண்டிகளை அலசி, மிச்சத்தைக் கொட்டாமல் பானையில் ஊற வைத்தாள். எல்லாம் ஒரே ஒரு கோப்பையில்.

கெல்டாவின் காது சூடாகியது. குத்திக் காட்டுகிறாள்! உன் பிழைப்பு இவ்வளவுதான் என்று ஒவ்வொரு கரண்டியாக எடுத்துக் காட்டுகிறாள்!

"அம்மா, குழாயைத் திற."

"எதுக்கு? ஆச்சு."

"ஆகல! இங்க தண்ணிக்கு ஒண்ணும் பஞ்சமில்ல. பாரு!" கெல்டா குழாயை முழுதாகத் திறந்தாள். தண்ணீர் பாத்திரத் தொட்டியில் அடித்துத் தெறித்தது. "தாராளமா வருது பாரு! இன்னும் வேணுமா?"

அம்மாவின் கண் அந்த ஓட்டத்தைவிட்டு நகரவில்லை. எச்சில் விழுங்கினாள்.

"கெல்டா, மூடு. போகுது."

"போகட்டும்!"

"நிஜமாவே இவ்வளவு வருமா?" அம்மாவின் குரல் சின்னதாக இருந்தது. "காலையில தலைக்குக் குளிக்கலாமா?"

"ஒரு மணி நேரம் குளி. நான் கரண்டியால கதவைத் தட்ட மாட்டேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. அதற்குள் வெளியிலிருந்து டீசலின் குரல் வந்தது.

"தங்கச்சி! உன் படகு ஒண்ணுக்குப் போகுது!"

கெல்டா குழாயை மூடிவிட்டு மேலே ஓடினாள். 'சிரிக்கும் வெர்னா'வின் விலாவிலிருந்து வளைவாக ஒரு நீர்த்தாரை கடலில் விழுந்துகொண்டிருந்தது. படகின் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்தால் தானாக இறைத்து வெளியே தள்ளும் பம்பு அது. எங்கிருந்தோ உள்ளே தண்ணீர் வருகிறது.

டீசல் கேட்காமலே உள்ளே வந்து, தரைப்பலகையைத் தூக்கி, அடித்தட்டில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். படகில் குடியிருக்கும் யாரும் செய்வதுதான். உப்பென்றால் கடல் உள்ளே வருகிறது, உயிரைக் காப்பாற்றிக்கொள். உப்பில்லையென்றால் உன் குடிதண்ணீர் வெளியே போகிறது.

அம்மாவும் மகளும் அவர் வாயையே பார்த்தார்கள். டீசல் சப்புக் கொட்டினார்.

"உப்பில்ல" என்றார்.

"நீங்க டீசல் குடிச்சுப் பழகுன ஆளு. நாக்கை நம்பலாமா?" என்றாள் கெல்டா. தானும் விரல் நனைத்து வைத்தாள். உப்பில்லை. விரலில் பீன்ஸ் வாசனை லேசாக இருந்தது.

"என்னடி அது?" என்றாள் அம்மா.

"நல்ல செய்திம்மா. முழுகல."

"அப்ப கெட்ட செய்தி?"

"கெட்ட செய்தியே இல்ல" என்று சொல்லி, கெல்டா டீசலை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டாள். பிறகு இருக்கைக்கடியில் தலையைவிட்டு இணைப்பை இறுக்கினாள். கேனை ஆட்டினாள். ஒரு கெட்டிலுக்குக்கூடத் தேறாது.

அம்மா விளக்கணைக்கும் முன் பையிலிருந்து ஷாம்பு பாட்டிலை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். குழந்தை பொம்மையை வைத்துக்கொள்வது போல. மிரட்டுகிறாள் என்று கெல்டா நினைத்தாள். மிரட்டட்டும். பத்திரம் கைக்கு வராமல் நான் இந்தப் படகைவிட்டு இறங்கப்போவதில்லை.

*

ஞாயிறு விடிவதற்குள் கேனைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நிரப்பிவந்தாள். சறுக்குப் பலகையை நம்பவில்லை. தோள் கழன்றது. கேனில் பம்பைச் செருகி, சூடாக்கியைப் போட்டு, "குளிக்கலாம்மா" என்றாள், கையில் பூச்செண்டு மட்டும்தான் இல்லை.

அம்மா உள்ளே போனாள். தொப்பி வெளியே வந்தது. மூன்று துண்டுகளும் உள்ளே போயின. தண்ணீர் சத்தம் கேட்டது. அதோடு, கெல்டா வாழ்நாளில் கேட்டிராத ஒரு சத்தமும் கேட்டது. அம்மா பாடினாள்.

பாட்டு நீண்டது. கெல்டா கேனருகே மண்டியிட்டு மட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சரணத்தில் பாதி. இரண்டாவதில் கால். "அம்மா, போதுமா?" என்று கேட்க வாயைத் திறந்தாள். கேட்டால் தோற்றுவிடுவாள். வாயை மூடிக்கொண்டாள். பம்பு இருமியது.

"கெல்டா! தண்ணி நின்னுபோச்சு!"

"நிக்கலம்மா! பம்பு மூச்சு வாங்குது!"

"என் தலை முழுக்க நுரை!"

"அப்படியே இரு! நுரை ஊறினாத்தான் நல்லது!"

மேலே ஓடினாள். படகின்மேல் குளிருக்காகக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கூரையில் பனி கனத்துக் கிடந்தது. சட்டி நிறைய அள்ளி அடுப்பில் வைத்தாள். சட்டி நிறைய பனி உருகினால் சட்டியின் அடி நனையும், அவ்வளவுதான். மறுபடி அள்ளினாள். மறுபடி. உருகியதில் கறுப்பாகவும் வெள்ளையாகவும் ஏதோ மிதந்தது. கூரையில் அவளுக்கு முன்பே கடற்புறாக்கள் குடியிருந்தன. டீ வடிகட்டியால் வடித்தாள். வடித்ததை முகர்ந்தாள். அம்மாவின் தலையில் ஊற்றுவதற்கு மனம் வரவில்லை. எவ்வளவு சண்டை என்றாலும் அம்மா அம்மாதான்.

"கண்ணுல எரியுதுடி!"

அப்போதுதான் கெல்டா தன் கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மேடையின் மறுமுனைப் படகில் பெர்னிஸ் குடியிருந்தாள். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சனிக்கிழமைகளில் யார் குழாய் யாருக்குப் பின் என்று சொல்கிறவளும் அவளே. ஐம்பது பிள்ளைகளை அடக்கிய குரலுக்கு ஒன்பது படகு எம்மாத்திரம்.

"பெர்னிஸ் அக்கா! உங்ககிட்ட இருக்கிற தண்ணியெல்லாம் குடுங்க. எங்கம்மா தலையில சோப்பு. கேலி பண்றதுன்னா தண்ணியைக் குடுத்துட்டுப் பண்ணுங்க."

பெர்னிஸ் இரண்டு கேன்களை எடுத்து வைத்தாள். "நேத்து எல்லார் படகும் வழிஞ்சப்ப மேல வழிஞ்சுது. உன் படகு பக்கவாட்டுல, கழிவுத் தொட்டிக் காத்துக் குழாய்ல வழிஞ்சுது. பார்த்தேன். நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

"பேர் வச்சாச்சா?"

"ரெண்டாம் மூடி."

"நல்லா இருக்கு" என்றாள் கெல்டா, பல்லைக் கடித்துக்கொண்டு. இரண்டு கையிலும் கேனோடு ஓடினாள். நேற்றுப் பலகை ஓடியதைவிட வேகமாக.

*

அம்மாவின் தலையை அவளே அலசிவிட்டாள். குனிந்த தலைமேல், காதுக்குப் பின்னால், நுரை போகப்போகக் குவளை குவளையாக. அம்மாவின் கைகள் கைகழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தன. விரல் கணுக்கள் எல்லாம் குளிரில் வெடித்துச் சிவந்திருந்தன. கேன் தூக்கிய தன் கையைப் போலவே இருக்கிறதே என்று கெல்டாவுக்குத் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.

கடைசியில் அம்மா மூன்றாவது துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முகம் பளபளவென்று, பத்து வயது குறைந்தாற்போல இருந்தது.

கெல்டா எதிரில் நின்றாள். ஓடிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. எனவே முகவாயை நிமிர்த்திக்கொண்டாள்.

"சரி. நானே சொல்றேன். தண்ணியை மாத்தி ஊத்திட்டேன். கேன்ல சுமந்துதான் காட்டுனேன். நடுவுல நின்னுதான் போச்சு. ஆனா வந்துச்சு. குழாய்ல வரலேன்னா நான் கொண்டுவந்தேன். நீ விக்கிறேன்னா வித்துக்கோ. வாங்குறவரு வரும்போது நான் இதே இடத்துலதான் உக்காந்திருப்பேன். என்னையும் சேர்த்துத்தான் வாங்கணும்."

அம்மா துண்டின் நுனியால் காதைத் துடைத்தாள்.

"ஒரு ராத்திரியில என்ன தெரியும்?" என்றாள்.

"என்னது?"

"அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாது. இன்னும் ஒரு வாரம் இருந்து பார்க்குறேன்."

"விதியை மாத்துறியா?"

"விதி போட்டது நான்தானே." அம்மா கார் சாவியை நீட்டினாள். "பின்சீட்டுல இன்னொரு பை இருக்கு. எடுத்துட்டு வா. துணி இருக்கு, அலச வேண்டியது."

கெல்டாவுக்கு ரத்தம் கொதித்தது. துணி வேறு! தோற்கடிக்காமல் விடமாட்டாள் போலிருக்கிறது. "ஒரு வாரம் என்ன, ஒரு மாசம் இரு! ஊர்த் துணியெல்லாம் கொண்டுவா! தண்ணி வரும்!"

"வரட்டும்" என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு.

*

காலிக் கேன்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கெல்டா இன்னும் பொருமிக்கொண்டுதான் இருந்தாள்.

"ஒரு வாரமாம் அக்கா! எனக்குத் தண்ணியோட அருமை தெரியலேன்னு காட்டணும், அவ்வளவுதான் அவங்களுக்கு. இருவது வருஷமா ஒரே பாட்டு, நான்தான் கிணத்தைக் குடிச்சுத் தீர்க்குறேனாம்."

பெர்னிஸ் கேன்களை வாங்கி உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தப்போனவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, பாதியில் நிறுத்தினாள்.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், ஆனா உன் மூஞ்சியைப் பார்த்தா மனசு கேக்கல. நீ வீட்டைவிட்டு வந்த மறுமாசமே அந்தக் கிணறு வத்திப்போச்சு. அப்புறம் மழையும் இல்ல, இப்ப நிலமும் உறைஞ்சாச்சு. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நீ வகுப்புக்குப் போனதும், நம்ம துறைக் கழிப்பறைக் குழாய்லதான் உங்கம்மா தண்ணி பிடிச்சிட்டுப் போறாங்க."

*

'டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காற்று இல்லை. அம்மா தூங்குகிறாள். நேற்றைய பதிவில் திருத்தம் வேண்டாம்: தவறு சிறியதுதான்.

நாளை: பத்திரத்தையும் பேனாவையும் மேஜைமேல் எடுத்து வைக்க வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்ட பிறகு குழாயைத் திறக்க வேண்டும்.'